ஏன் வேலைய விட்டுட்டு வரல?

தமிழ்ப் படங்கள்ல வர்ற ஆட்கள் சில விஷயங்கள ஏன் அப்படிச் செய்றாங்கன்னு எனக்கு விளங்கினதே இல்ல. ஆட்டோவுல இருந்து இறங்கினா, பைக்குள்ள கைய விட்டு வந்த காச அப்படியே குடுத்துட்டுப் போவாங்க. மிச்சக் காசு வாங்கவே மாட்டாங்க. பேய்ப் படத்துல ராத்திரி சத்தம் கேட்டா, லைட்டப் போடாம தனியாப் போய்ப் பார்ப்பாங்க. ஒரு வரியில சொன்னா தீந்து போற சந்தேகத்த ரெண்டரை மணித்தியாலம் வாய்க்குள்ளயே வச்சிருப்பாங்க. கடைக்குப் போற காட்சியில யாருமே விலை கேக்கிறதில்ல.

மாத்தளை டவுன்ல "எதை எடுத்தாலும் 100 ரூபா" கடைக்குள்ள ஒருநாள் சும்மா நின்னு பாருங்க. ஒரு அம்மா பிளாஸ்டிக் கூடை ஒன்னத் தூக்கி வெளிச்சத்துல பார்ப்பாங்க, அடிய அமுக்குவாங்க, வச்சிட்டு அடுத்ததத் தூக்குவாங்க. எல்லாம் ஒரே அச்சுல வந்த கூடை, ஒரே விலை. படத்துல வந்தா "லாஜிக் இல்ல"ன்னு சிரிச்சிருப்போம். ஆனா அந்தக் கூடை உடைஞ்சா அடுத்தது வாங்க அடுத்த சம்பளம் வரணும். அதான் அவங்க லாஜிக்.

இப்ப அந்த 100 ரூபாவும் இல்ல. 2022 மார்ச்சுல ரூபாவோட பெறுமதிய மிதக்க விட்ட பிறகு, 200 ரூபாக்குக் கிட்ட நின்ன டொலர் சில மாசத்துக்குள்ள 360 வரைக்கும் ஏறிச்சு. அந்த வருஷம் ஓகஸ்ட்ல சொக்லேட், ஷாம்பூ, வாசனைத் திரவியம்னு 300 வகைப் பொருட்களோட இறக்குமதிய அரசாங்கம் தற்காலிகமா நிறுத்திச்சு. கடை போர்டுல இலக்கம் மட்டும் மாறிக்கிட்டே போச்சு. ஆனா நாங்க இன்னும் "நூறு ரூபா கடை"ன்னுதான் சொல்றோம்.

மலிவுக் கடைய யோசிச்சா எனக்கு 'அங்காடித் தெரு' ஞாபகம் வரும். 2010ல வசந்தபாலன் எடுத்த படம், வசனம் ஜெயமோகன். சென்னை தி.நகர் ரங்கநாதன் தெருவுல இருக்கிற பெரிய ஜவுளிக்கடை ஒன்னுல வேலை செய்ற பிள்ளைகளோட கதை. ஊர்ல நல்லாப் படிச்ச லிங்கம், அப்பா செத்ததால அங்க வேலைக்கு வர்றான். கனியும் அங்கதான் நிக்கிறா. "விசேட விலைக்கழிவு"ன்னு போர்டு பார்க்கும்போது நமக்கு எவ்வளவு மிச்சம்னுதான் கணக்குப் பார்ப்போம். யாரோட கணக்குல இருந்து கழியுதுன்னு அந்தப் படம் காட்டும்.

அதுல ஒரு காட்சி. கடையில வேலை செய்ற ஒரு பையனும் பொண்ணும் காதலிக்கிறது சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சிரும். எல்லார் முன்னாலயும் விசாரிக்கும்போது அந்தப் பையன் காதலே இல்லன்னு சொல்லிருவான். அந்தப் பொண்ணு மாடியில இருந்து குதிச்சு உயிர விட்டிருவா. பார்க்கிற எல்லாரும் திட்டுற காட்சி அது. "இந்த வேலை இல்லன்னா இன்னொன்னு. கையப் புடிச்சு வெளிய கூட்டிட்டுப் போக வேண்டியதுதானே?"

போன பொங்கலுக்கு இரத்தோட்டைப் பக்கத்துல ஒரு தோட்டத்துல இத எட்டுப் பேர் சேர்ந்து பார்த்தோம். அந்தக் காட்சியில எல்லாரும் திட்டினாங்க. கொழும்புல ஜவுளிக்கடை ஒன்னுல நிக்கிற என் ஃப்ரெண்ட் மட்டும் திட்டல. "பாவம், அவன் ராத்திரி எங்க போய்ப் படுப்பான்?"னு கேட்டா.

அந்தக் கேள்வி எங்க யாருக்கும் வரல. அவளுக்குத் தங்குற இடமும் சாப்பாடும் கடைக்காரங்க குடுக்கிறதுதான். காலையில நின்னா ராத்திரி வரைக்கும் நிப்பா. கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954ல இருந்தே இங்க இருக்கு. நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45ன்னு அது சொல்லுது. ஆனா சட்டத்தப் பேசினா அன்னைக்கே வேலையும் போகும், படுக்கிற பாயும் போகும். "விட்டுட்டு வா"ன்னு போன்ல நானும் எத்தனையோ தரம் சொல்லியிருக்கேன். "வந்து?"ன்னு கேப்பா.

வேலையையும் வீட்டையும் ஒரே முடிச்சா போட்டு வைக்கிறது நமக்குப் புதுசா என்ன? தோட்டத்துல வீட்டுக்கு ஒருத்தராவது பேர் பதிஞ்சு வேலை செஞ்சாத்தான் லயத்துல காம்பரா நிக்கும்னு பயந்து வாழ்ந்தவங்கதான் நம்ம பாட்டிமார். 2023ல மலையகம் வந்து 200 வருஷம்னு தலைமன்னார்ல இருந்து நடந்து வந்த பயணம், ஓகஸ்ட் 12 நம்ம மாத்தளையிலதான் முடிஞ்சது. அதுல கேட்டதும் காணி, வீடு. அந்த முடிச்ச அவுக்கணும்னுதான் இன்னும் கேக்கிறோம்.

இன்னொன்னு, நாற்காலி. ஜவுளிக்கடைப் பிள்ளைகள் ஏன் உக்காரவே இல்லன்னு படம் பார்த்தப்போ யோசிச்சிருக்கேன். உக்கார விடலங்கிறதுதான் பதில். கேரளாவுல கடைப் பெண்கள் வருஷக்கணக்காப் போராடின பிறகு, 2018ல உக்கார்ற உரிமைய சட்டத்துல சேர்த்தாங்க. தமிழ்நாட்டுல 2021ல கடைகள் சட்டத்தத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம்னு கொண்டு வந்தாங்க. படம் வந்து 11 வருஷம் கழிச்சு. ஒரு நாற்காலி போடச் சொல்ல ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கு.

பேய்ப் படத்துல லைட்டப் போடாத ஹீரோயினுக்கு இப்பவும் எங்கிட்ட விளக்கம் இல்ல, அவள விட்டுரலாம். ஆனா ஒரு ஆள் செய்றது லாஜிக் இல்லன்னு தோணும்போது, அவர் முன்னாடி என்ன விலை வச்சிருக்காங்கன்னு ஒருக்கா தேடிப் பார்க்கலாம். நம்ம ஊர்ப் பிள்ளைகளப் பத்திப் பேசும்போதாவது.

அந்தப் பையன் செஞ்சது சரின்னு என் ஃப்ரெண்ட் சொல்லல. "அந்தப் புள்ள செத்துப் போச்சே"ன்னும் அவதான் சொன்னா. படம் முடிஞ்சு எல்லாரும் எந்திரிச்சுப் போன பிறகு, கால நீட்டி கெண்டைக்கால அமுக்கிக்கிட்டே கொஞ்ச நேரம் உக்காந்திருந்தா. மறுநாள் விடியக்காலை பஸ் அவளுக்கு.