பச்சையைப் பார்த்துப் பதற வேண்டாம்

வேட்டையில் எனக்கு நாட்டமில்லை, மரத்தில் உண்டு. அதனால் பென்சில்வேனியாவின் பழைய நீள்துப்பாக்கிகளில் என் கண் முதலில் போவது கட்டை மேல்தான். 18-ஆம் நூற்றாண்டில் லான்காஸ்டர் பக்கம் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் அதற்குத் தேடிப் பிடித்தது, இழை நெளிந்தோடும் மேப்பிள். செதுக்கி முடித்ததும் பார்த்தால் சோகை பிடித்த வெளுப்பு. உள்ளே புலிவரி இருக்கிறதென்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

1969-இல் வந்த வில்லியம்ஸ்பர்க் ஆவணப்படம் ஒன்றில் துப்பாக்கிக் கொல்லர் வாலஸ் கஸ்லர் குழலிலிருந்து எல்லாவற்றையும் கையாலேயே செய்வார். அதைப் பார்த்த பிறகுதான் ஒரு துண்டு மேப்பிளை எடுத்து உட்கார்ந்தேன்.

முதலில் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். காய்ந்ததும் இழை சிலிர்த்து நிற்கும். அதைச் சுரண்டி, மறுபடி நனைத்து, மறுபடி சுரண்டி, அது அடங்கும்வரை விடக்கூடாது. பிறகு நைட்ரிக் அமிலத்தில் இரும்பைக் கரைத்த நீரைத் தடவ வேண்டும். (கரைக்கும்போது கிளம்பும் செம்பழுப்புப் புகை பொல்லாதது, வீட்டுக்குள் செய்கிற காரியமில்லை.) மரம் மஞ்சளாகி, அழுக்குப் பச்சையாகும். பக்கத்தில் நின்ற நண்பர், "போச்சு, கெடுத்துட்டீங்க" என்றார்.

அனல் காட்டினால் போதும். அந்தக் காலத்தில் பழுக்கக் காய்ச்சிய இரும்பை மேலே படாமல் நகர்த்துவார்கள். இன்று பெயிண்ட் உரிக்கிற ஹீட் கன் இருக்கிறது. சூடு பட்ட இடத்தில் பச்சை மறைந்து செம்பழுப்பு பரவும். தூரிகை எங்கும் ஒரே மாதிரிதான் தொட்டது. ஆனால் இழையின் முனை மேலே வந்த இடம் அதிகம் குடித்துக் கறுக்கிறது; படுத்த இடம் வெளிர்ந்தே நிற்கிறது. கட்டையைச் சாய்த்தால் கருப்பும் வெளுப்பும் இடம் மாறும். வரியில்லாத மேப்பிளில் சாயத்தால் கோடு இழுத்தவர்களும் உண்டு. அந்தக் கோடு எப்படிச் சாய்த்தாலும் அசையாது.

மிச்ச அமிலத்தைச் சமையல் சோடா நீரால் முறித்துவிடுவது குழலுக்கும் நல்லது, துரு ஏறாது. அப்புறம் ஆளிவிதை எண்ணெய். சொட்டுச் சொட்டாக விட்டு, உள்ளங்கை சூடேறத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்தெடுக்க வேண்டும். இது ஆவியாகிக் காய்கிற எண்ணெய் அல்ல. காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு இறுகுவது. கனமாகப் பூசினால் பிசுபிசுப்பு லேசில் போகாது. பாலியூரித்தேன் அடித்தால் ஒரே நாளில் பளபளக்கும்தான். ஆனால் அதற்கு மேல் கை படுவது பிளாஸ்டிக்கில், மரத்தில் அல்ல.

எண்ணெய் துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் எறிந்துவிடாதீர்கள். ஆக்சிஜன் சேரச் சேரச் சூடு உள்ளேயே தங்கித் தானாகத் தீப்பிடிக்கும். வெளியே கொடியில் விரித்துக் காயப்போடுங்கள்.