கூட்டுப் பட்டா

ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்திக்குப் போன் செய்தால் நான் முதலில் கேட்பது, "ஊர்ல மழை உண்டா சித்தி?" நான் மழையைக் கேட்கவில்லை என்பது சித்திக்கும் தெரியும். "நேத்து ஒரு தூத்தல். மேலத்தெருவுல நடவு நடக்குது" என்பார். மேலத்தெருவில் ஒன்பது வீடு உண்டு. எங்கள் பேச்சில் அது ஒரே வீடு. நடவு நடக்கிறது என்றால் அண்ணன் வயலில் இறங்கி நிற்கிறார், முட்டிவலி தேவலை. "மாத்திரை வாங்க மன்னார்குடி போனாங்களாம்" என்றால் சர்க்கரை ஏறியிருக்கிறது. பேரைச் சொல்லாமல், முறையைச் சொல்லாமல், ஒருவருடைய உடம்பையும் வயலையும் இருபது வருடத்துக்கு மேலாக இப்படித்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா 2003இல் போனார். வாரிசுச் சான்றிதழில் அம்மா, அண்ணன், அக்கா, நான் என்று நாலு பேர். பாட்டன் பூட்டன் வழி வந்த நிலம் ஒரு வேலி, அதாவது இருபது மா. அடுத்த வருடம் அண்ணன் விடுதலைப் பத்திரம் எழுதி வைத்து எங்களைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரச் சொன்னார். அம்மாவும் அக்காவும் கையெழுத்துப் போட்டார்கள். நான் போடவில்லை. என் கணவர் வேலை பார்த்த ஆலை மூடி எட்டு மாதம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு.

தமிழ்நாட்டில் பெண்ணுக்கும் பிதுரார்ஜிதச் சொத்தில் ஆண்பிள்ளைக்குச் சமமாகப் பங்கு தந்த சட்டம், 1989 மார்ச் 25க்கு முன் கல்யாணமான பெண்களை விலக்கி வைத்திருந்தது. அக்காவுக்குக் கல்யாணம் 1988இல், எனக்கு 1991இல். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பெண்களுக்கு நடுவே ஒரு தேதி கோடு போட்டிருந்தது. நாடு முழுவதற்குமான திருத்தம் 2005இல் வந்துதான் அந்தக் கோட்டை அழித்தது. என் பங்கு எட்டு மாவுக்கு மேல் வரும் என்றார் வக்கீல். நான் நாலு மா கேட்டேன்.

அண்ணன் பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது படிப்பை விட்டுவிட்டு வயலுக்கு வந்தவர் அவர். என் கல்யாணக் கடனை அடைத்தவரும் அவர்தான். 2002, 2003 இரண்டு வருடமும் மேட்டூர் அணை திறக்க வேண்டிய ஜூன் 12 வந்து போயிற்று, திறக்கவில்லை, குறுவை இல்லை. அந்த நிலையில் தங்கை வந்து நிலம் கேட்டால்? "நகை போட்டு, பாத்திரம் பண்டம் குடுத்து அனுப்பினோமே, அது எந்தக் கணக்குல?" என்றார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. நான் கேட்டதிலும் இருந்தது. பேச்சு முற்றி, திண்ணையில் நின்று கடைசியாகச் சொன்னார்: "இனிமே இந்தப் படி ஏறாதே பாப்பா." அத்தனை கோபத்திலும் வாயில் பாப்பா என்றுதான் வந்தது.

நான் வழக்குப் போடவில்லை, ஒரு நோட்டீஸ்கூட அனுப்பவில்லை. பயம் இல்லை. பாகப்பிரிவினை வழக்கில் ஒருவரை வாதி என்றும் மற்றவரைப் பிரதிவாதி என்றும் எழுதுவார்கள். அப்படி எழுதிய காகிதத்தில் எங்கள் இருவர் பேரையும் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

அம்மா இறந்தபோது படி ஏறினேன். ஒரே கூடத்தில் மூன்று நாள் இருந்தோம். "அவளைச் சாப்பிடச் சொல்லு" என்று அக்காவிடம் சொன்னார். நான் இரண்டு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பேச்சை நிறுத்திவிடலாம். ஆனால் கூடப் பிறந்தவனுக்கென்று நம் வீடுகளில் போட்டு வைத்திருக்கிற இடத்தை எடுத்துவிட முடிவதில்லை. என் மகளுக்குக் காது குத்தியது அவர் மடியில் வைத்துத்தான். குழந்தை வீறிட்டதும் அவர் கண் கலங்கி, காதை ஊதி ஊதி விட்டுக்கொண்டிருந்தார். அதே மகளுக்கு 2017இல் கல்யாணம். தாய்மாமனுக்குத்தான் முதல் பத்திரிகை. வெற்றிலை, பாக்கு, பழம் வைத்த தட்டோடு போனேன். படி ஏறவில்லை, வாசலில் நின்றேன். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. "அண்ணி" என்று கூப்பிட்டேன். டிவி சத்தம் நின்றது. அண்ணி வந்து தட்டை வாங்கிக்கொண்டார். கல்யாணத்தில் மாமன் மாலையைப் போட்டது சித்தி மகன்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. எங்கள் பக்கமும் மின்கம்பம், தென்னை எல்லாம் சாய்ந்து, ஒரு போனும் போகவில்லை. திருச்சியில் உட்கார்ந்துகொண்டு சித்தி எண்ணை அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, பதினாலு வருடத்தில் முதல் முறையாக அண்ணன் எண்ணை அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக அந்தப் பெண்குரல் சொன்னது. மறுபடி அடித்தேன். அன்றும் மறுநாளும் எத்தனை முறை என்று கணக்கில்லை. இணைப்புக் கிடைக்காது என்ற தைரியத்தில்தான் அடிக்கிறேன் என்பது எனக்கே புரிந்தது. மூன்றாம் நாள் சித்தி வேறு யாருடைய போனிலிருந்தோ பேசினார். "மேலத்தெருவுல தென்னை முப்பது போச்சு. கொட்டகை ஓடு பறந்துடுச்சு. மனுஷங்க பத்திரம்." அதற்குப் பிறகு அந்த எண்ணை நான் அடிக்கவில்லை.

நாலு மாவுக்காகவா அண்ணனை விட்டாய் என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். அப்படிப்பட்ட அண்ணனை நினைத்து ஏன் உருகுகிறாய் என்று சிநேகிதிகள் கேட்கிறார்கள். இரண்டு பேருக்கும் நான் ஏதாவது ஒன்றை விட்டுவிட வேண்டும். கேட்டது தப்பு என்று அழ வேண்டும், இல்லையென்றால் அவரை மறந்துவிட வேண்டும். எனக்கு இரண்டும் முடியவில்லை. இன்றைக்கும் கேட்பேன். இன்றைக்கும் பொங்கலுக்கு முந்தின நாள் வாசலில் ஆட்டோ நின்றால் கரும்புக் கட்டு இறங்குகிறதா என்றுதான் கண் போகிறது.

2022இல் என் கணவர் போனார். பிறந்த வீட்டுக் கோடி அண்ணன் தம்பி வீட்டிலிருந்துதான் வர வேண்டும். சித்தி மகனிடம் சொல்லி வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தாடி வைத்த பையன் ஒருவன் கையில் துணிக்கடைப் பையோடு வாசலில் நின்றான். ஆறு வயதில் பார்த்தது. நெற்றியைப் பார்த்துத்தான் அடையாளம் தெரிந்தது, அது அப்பாவின் நெற்றி. "அத்தை, அப்பா குடுத்து அனுப்பினாங்க" என்றான். படிக்கு வெளியிலேயே நின்றான். உள்ளே வா என்று இரண்டு முறை சொன்ன பிறகுதான் ஏறினான். சாப்பிட்டுவிட்டுத்தான் போனான்.

நான் கையெழுத்துப் போடாததால் நிலம் கூட்டுப் பட்டாவில் நிற்கிறது. இப்போது பட்டாவைப் போனிலேயே பார்க்கலாம். மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் கொடுத்து, வருகிற ரகசிய எண்ணை அடித்தால் திறக்கும். தூக்கம் வராத ராத்திரிகளில் திறந்து பார்ப்பேன். முதல் வரியில் அப்பா பேர், மகன், அண்ணன் பேர். அடுத்த வரியில் அப்பா பேர், மகள், என் பேர். கீழே புல எண்ணும் தீர்வையும். நேற்று ராத்திரியும் பார்த்தேன். அப்படியே இருக்கிறது.