பத்தாயிரம் லூமனும் ஒரு மாவுக்கட்டும்

புனேவுக்கு வந்து 11 வருஷம் ஆச்சு. மராத்தி சுமாராத்தான் வந்தது, தொப்பை மட்டும் நல்லா வந்தது. அதைக் கரைக்கத்தான் கியர் சைக்கிள் வாங்கினேன். என் பொண்ணும் (14 வயசு) தொத்திக்கிட்டா. ஞாயிற்றுக்கிழமை விடியறதுக்குள்ள கிளம்பி, கடக்வாஸ்லா அணையைத் தாண்டி, சிங்ஹகட் அடிவாரத்து மண் பாதையில ஒரு சுத்து. அப்புறம் சுடச்சுட பிட்லா பாக்ரி. உண்மையைச் சொல்லணும்னா, நான் போறது இந்த ரெண்டாவது விஷயத்துக்குத்தான் :-)

டிசம்பர்ல நம்ம திருநெல்வேலியில ஆறரைக்கெல்லாம் வெளுத்துடும். இங்கே ஏழு மணி ஆகும். அதனால லைட் இல்லாம முடியாது. இணையத்துல தேடினேன். "10,000 லூமன்", விலை 999 ரூபாய். 40,000 ரூபாய்க்கு சைக்கிள் வாங்கினவன் லைட்டுல மிச்சம் பிடிச்சேன்.

மூணாவது வாரம், ஒரு இறக்கம். நான் முன்னாடி, அவ பின்னாடி. அவ சைக்கிள்ல இருந்தது தெருவுல ஓட்டற சின்ன லைட், என் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் வந்தா. பாதி இறக்கத்துல டப்புன்னு எல்லாம் இருட்டு. மங்கலை, மினுக்கலை, எந்த முன்னறிவிப்பும் இல்லை. நான் பிரேக் பிடிச்சு நிக்கறதுக்குள்ள பின்னாடி சத்தம். "அப்பா..." அப்படின்னு ஒரு குரல். மழைத்தண்ணி அரிச்ச பள்ளத்துல விழுந்துட்டா. இடது கையில எலும்பு விரிசல். மூணு வாரம் மாவுக்கட்டு.

தங்கமணி திட்டலை. "அந்த லைட் எவ்வளவுங்க?"ன்னு மட்டும் கேட்டாங்க. திட்டியிருந்தாலே தேவலை.

அன்னிக்கு ராத்திரி பேட்டரியைப் பிரிச்சுப் பார்த்தேன். செல் மேல 9,900 எம்ஏஹெச்னு போட்டிருந்தது. அந்த 18650 சைஸ் செல்லுல நல்ல கம்பெனிக்காரங்களே சுமார் 3,500 தான் போடுவாங்க. அட்டையில போட்டிருந்த லூமனும் இதே லட்சணமாத்தான் இருந்திருக்கணும். அது ஏன் டப்புன்னு செத்தது? லித்தியம் செல்லுல மின்னழுத்தம் ரொம்ப இறங்கினா, செல் கெடாம இருக்க உள்ளே இருக்கற பாதுகாப்பு சர்க்யூட் இணைப்பை வெட்டிடும். அது செல்லைக் காப்பாத்தும், நம்மளை இல்லை.

இங்கே ஒரு கொசுவத்தி. எங்க அப்பா சைக்கிள்ல டைனமோ இருந்தது. டயர்ல உரசி 'கர்ர்ர்'னு கத்தும், மிதிக்க பாரமா இருக்கும், நின்னா அணைஞ்சுடும். ஆனா பொய் சொல்லாது. வேகம் குறையக் குறைய வெளிச்சமும் குறையும். "இருட்டு வரப்போகுது"ன்னு முன்கூட்டியே சொல்லிடும்.

அதனால இப்போ லைட் வாங்கறப்ப எவ்வளவு பிரகாசம்னு கடைசியாத்தான் கேக்கறேன். எப்படி அணையும்னு முதல்ல கேக்கறேன். சார்ஜ் எவ்வளவு மிச்சம்னு காட்டணும். தீரப்போற நேரத்துல தானே குறைஞ்ச வெளிச்சத்துக்கு இறங்கி, வீடு போய்ச் சேர அவகாசம் தரணும். அட்டையில "3 மணி நேரம்"னு இருந்தா முழு வெளிச்சம் 3 மணி நேரம்னு நினைச்சுடாதீங்க. எஃப்எல்1 முறையில அளந்திருந்தா, ஆரம்ப வெளிச்சத்துல 10 சதவீதமா குறையற வரைக்குமான நேரம் அது.

அதனால நானே சோதிச்சேன். புது லைட்டை பால்கனியில முழு வெளிச்சத்துல எரியவிட்டு, எதிரே டேபிள் ஃபேன் வெச்சேன். காத்து படலைன்னா சூடேறி அது தானா மங்கிடும், ஓட்டறப்பதான் காத்து கிடைக்குமே. எப்போ குறைஞ்சது, எப்போ அணைஞ்சதுன்னு குறிச்சு வெச்சேன். அந்த நேரத்துல பாதிதான் என் கணக்கு.

இப்போ ஆளுக்கு ரெண்டு லைட், தனித்தனி பேட்டரி. ஒண்ணு ஹேண்டில்பார்ல, ஒண்ணு ஹெல்மெட்ல. ஹெல்மெட் லைட் திரும்பற பக்கமெல்லாம் காட்டும். ஆனா அது கண்ணுக்குப் பக்கத்துலேயே இருக்கறதால பள்ளத்தோட நிழல் தெரியாது, பாதை சமதளம் மாதிரி ஏமாத்தும். தாழ்வா இருக்கற ஹேண்டில்பார் லைட்தான் நிழல் விழவெச்சு பள்ளத்தைக் காட்டும். இந்த ஊர் மழைக்கு ஐபிஎக்ஸ்4 இருந்தாத் தெறிக்கற தண்ணியைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7னா ஒரு மீட்டர் தண்ணியில அரை மணி நேரம் கிடந்தாலும் பிழைக்கும். பின்னாடி சிவப்பு லைட் கட்டாயம்.

மாவுக்கட்டு பிரிச்சு ரெண்டு மாசம் கழிச்சு, "அப்பா, ஞாயித்துக்கிழமை போலாமா?"ன்னு அவளே கேட்டா. எனக்குத்தான் தயக்கம். இப்போ இறக்கத்துல அவ முன்னாடி போறா, தன்னோட வெளிச்சத்துல. நான் பின்னாடி.

சனிக்கிழமை ராத்திரி ஆனா சமையலறையில இருந்து தங்கமணி குரல் வரும்: "ரெண்டு பேரும் சார்ஜ் போட்டாச்சா?"

பி.கு: அந்த 999 ரூபாய் லைட் இன்னும் என் மேஜை மேலதான் இருக்கு. தூக்கிப் போட மனசு வரலை.