பூவுக்கு முன்னே காகிதம்

டோக்கியோவில் ஓச்சனோமிசு ரயில் நிலையத்தில் இறங்கி, கண்டா ஆற்றுப் பாலத்தைக் கடந்து யுஷிமா பக்கம் ஏறினால் ஓரிகாமி கைகான் வந்துவிடும். காகித மடிப்புக் கலைக்கென்றே நிற்கும் பல மாடிக் கட்டடம். கடை ஒரு மாடியில், அதற்கு மேலே சாயப் பட்டறை. குழந்தைகள் மடிக்கும் எளிய பூக்களைப் பார்க்கத்தான் போனேன். பட்டறை வாசலைத் தாண்ட முடியவில்லை.

ஈரக் காகிதத்தின் மேல் சாண் அகலத் தூரிகையை ஓட்டிக்கொண்டிருந்தார் ஒரு சாயக்காரர். இந்த ஓரத்தில் தொடங்கிய சிவப்பு, அந்த ஓரம் போய்ச் சேர்வதற்குள் வெளிறி வெள்ளையில் கரைகிறது. நடுவில் கை நின்றால் அந்த இடம் திட்டாகிவிடும். அதனால் தூரிகை போகும்வரை அவர் யாருக்கும் பதில் சொல்வதில்லை. தாளைக் காயப் போட்டுவிட்டு வந்துதான் பேசினார். “அடர்ந்த பக்கம் பூவின் அடி, வெளிறிய பக்கம் இதழின் நுனி. மடிக்கிற பிள்ளைக்கு இது தெரிய வேண்டியதில்லை, பூ சரியாக வந்துவிடும்” என்றார். மொழிபெயர்த்துச் சொன்ன நண்பர் அதை இரண்டு முறை சொன்னார், நான் கேட்டதால்.

இந்த நிறுவனத்தின் வேர் 1850களின் கடைசியில் இருக்கிறது. கோபயாஷி கோசுகே என்ற காகித வேலைக்காரர் தொடங்கிய தொழில் அது. மடிப்புக் கலை ஜப்பானில் அதற்கும் முந்தியது. கொக்குகளை மடிக்கும் முறைகளைச் சொல்லும் புத்தகம் 1797-லேயே அச்சாகிவிட்டது. ஆனால் பிள்ளைகள் கையில் வண்ணச் சதுரத் தாளைக் கொடுத்து வகுப்பில் மடிக்கச் சொல்லும் வழக்கத்துக்கு வேறொரு கதை உண்டு. கிண்டர்கார்டன் முறையை உருவாக்கிய ஜெர்மானியர் ஃபிரோபெல், காகித மடிப்பைக் குழந்தைகளின் கைவேலைகளில் ஒன்றாக வைத்திருந்தார். 1876-இல் டோக்கியோவில் பெண்கள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியோடு சேர்த்துத் திறக்கப்பட்ட மழலையர் பள்ளி அவர் வழியைப் பின்பற்றியது. அந்தப் பள்ளி இருந்ததும் இதே ஓச்சனோமிசு வட்டாரத்தில்தான். வீட்டுப் பாட்டிகள் சொல்லிக்கொடுத்த மடிப்பும் ஜெர்மனியிலிருந்து வந்த பாடமும் இங்கே கலந்தன. கலந்தபின் ஒரே அளவில் வெட்டிய தாள்கள் கட்டுக்கட்டாகத் தேவைப்பட்டன. இன்று கடைகளில் கிடைக்கும் 15 செ.மீ. சதுரத் தாளுக்குப் பின்னால் அந்தத் தேவை இருக்கிறது.

காகிதம் பிறக்கும் இடத்தையும் பார்க்க வேண்டுமென்று சைத்தாமா மாநிலத்தின் ஒகாவா ஊருக்குப் போனேன். ஹொசொகாவா தாள் இங்கும் பக்கத்து ஹிகாஷிச்சிச்சிபு கிராமத்திலும் கையால் செய்யப்படுகிறது. 2014-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்த மூன்று ஜப்பானியக் கைக்காகிதங்களில் இது ஒன்று. கோசோ என்ற செடியின் பட்டையை உரித்து, வேகவைத்து, அடித்து நாராக்குகிறார்கள். அதற்கிடையே ஒரு வேலை இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. வெந்த நாரைத் தண்ணீரில் அலசி, கருப்புப் புள்ளிகளையும் பட்டைத் துணுக்குகளையும் விரலால் ஒவ்வொன்றாகப் பொறுக்குவது. குனிந்த முதுகோடு, குளிர்ந்த தண்ணீரில் கை சிவக்க, அதைத்தான் ஒரு மூதாட்டி செய்துகொண்டிருந்தார். அவர் விட்டுவிட்ட புள்ளி தாளில் அப்படியே நிற்கும். தாள் நல்ல தாளா என்பது அவர் விரலில் முடிவாகிறது.

நாரைத் தண்ணீரில் பரவலாக மிதக்கவைக்க ஒரு கொழகொழப்பான சாறு சேர்க்கிறார்கள். தொரோரோ அஓய் என்ற செடியின் வேரை நசுக்கி எடுப்பது. செடி வெண்டையின் உறவு. வேரைத் தொட்டுப் பார்த்தேன், வெண்டைக்காய் நறுக்கும்போது விரலில் ஒட்டுமே, அதே வழவழப்பு.

குழந்தைகள் மடித்துப் பழகும் தாள் பெரும்பாலும் இயந்திரத் தாள்தான். கைக்காகிதத்தின் விலை அதற்குக் கட்டாது. ஆனாலும் வித்தியாசத்தைக் கை உடனே சொல்லிவிடும். இயந்திரத் தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். குறுக்கே மடித்தால் விளிம்பு சிலும்பும். கோசோ நார் ஏறக்குறைய ஒரு செ.மீ. நீளம், ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது. பிரித்துப் பிரித்து மடித்தாலும் தாங்கும்.

திரும்பி வந்து டோக்கியோவில் ஒரு குடியிருப்பின் பொதுக் கூடத்தில் சிறுபிள்ளைகளின் மடிப்பு வகுப்பில் உட்கார்ந்தேன். அன்றைக்கு துலிப் பூ. சதுரத்தை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்க வேண்டும். பிறகு கீழ் இரு மூலைகளையும் உச்சியை ஒட்டிச் சற்று வெளியே தள்ளி மேலே கொண்டுவந்தால் மூன்று இதழ் நிற்கும். அடிக்கூரைப் பின்னால் மடித்துவிட்டால் பூ முடிந்தது. அவ்வளவு எளிது. ஆனால் முதல் மடிப்பில் மூலை நூலளவு விலகினாலும் கடைசியில் இதழ் ஒருபக்கம் சாயும். ஆசிரியையான அந்த அம்மாள் தன் தாளையே மடித்துக் காட்டினார். எந்தப் பிள்ளையின் தாளையும் தொடவில்லை. ஒரு தாய் தன் மகனின் சாய்ந்த பூவைச் சரிசெய்யக் கை நீட்டியபோது, “அது அவன் பூ” என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். தாயின் கை நின்றது. அந்த ஒரு சொல்லுக்காகவே நான் அந்த வகுப்பை மதிக்கிறேன்.

அந்த அம்மாள் கையால் காட்டியது போன்ற மடிப்பை அம்புக்குறியும் புள்ளிக்கோடும் போட்டு எழுதிக்காட்டும் முறையை உலகெங்கும் பரவச் செய்தவர் அகிரா யோஷிசாவா (1911–2005). இளமையில் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, புதிதாக வந்தவர்களுக்கு வடிவியல் சொல்லித்தரக் காகிதத்தை மடித்துக் காட்டியவர் அவர். தொழிலாளிக்குத் தொழிலாளி சொல்லிக்கொடுத்த பாடம் அது. இந்தக் கலைக்கு இதைவிடப் பெருமையான சான்றிதழ் எனக்குத் தெரியவில்லை.

நம் வீடுகளில் பள்ளிக் கைவேலையை அம்மாவோ அப்பாவோ இரவு விழித்திருந்து செய்து, காலையில் பிள்ளையின் பையில் வைத்து அனுப்புகிறோம். ஆசிரியர்களும் அந்த அழகான வேலைக்கே மதிப்பெண் போடுகிறார்கள். இதை நிறுத்துங்கள். பழைய காலண்டர் தாளை நேர்சதுரமாக வெட்டிப் பிள்ளையிடம் கொடுங்கள், நீங்கள் இன்னொரு தாளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். பிள்ளையின் பூ எப்படி வந்தாலும் அப்படியே பள்ளிக்குப் போகட்டும்.