வெந்நீர்க் கணக்கு

"என்னடா, மறுபடியும் போயிடுச்சா?"

பாத்ரூமிலிருந்து அம்மாவின் குரல். தலை நிறைய சீயக்காய். கெய்ஸர் போட்டு ஐந்து நிமிஷம் ஆனால் போதும், வீடே அணைந்துவிடும். ஃபேன், ஃபிரிட்ஜ், டி.வி. எல்லாம் அவுட். நான் ஓடிப்போய், விழுந்த ஸ்விட்சைத் தூக்கிவிடுவேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி 'டப்'. இப்படியே நான்கு நாள்.

வந்த எலெக்ட்ரீஷியன் பையன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "லோடு தாங்கலை சார். இந்தச் சனியனை பைபாஸ் பண்ணி டைரக்டா குடுத்துடறேன். அப்புறம் விழவே விழாது" என்றான். 'அப்பாடா' என்றிருந்தது. சரி என்று தலையாட்டினேன். ஒயர் வாங்கிவரப் போனவன் அன்றைக்குத் திரும்பி வரவேயில்லை. அந்தச் சோம்பேறித்தனத்துக்கு இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் வேறொருவரைக் கூப்பிட்டேன். வயசானவர். பெட்டியைத் தொடக்கூட இல்லை. "விழறது எது சார்? சின்னதா, இல்லே டெஸ்ட் பட்டன் வெச்சதா?" என்று கேட்டார். பட்டன் வைத்ததுதான். "அப்போ இது லோடு இல்லை, லீக்கு" என்றார்.

சின்னது எம்.சி.பி. அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் அது விழும். பட்டன் வைத்தது ஆர்.சி.சி.பி. பலர் இன்னமும் ஈ.எல்.சி.பி. என்கிறார்கள். அது ஒரு கறாரான கணக்குப்பிள்ளை. ஃபேஸில் போன கரண்ட் முழுசாக நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் கண் இமைப்பதற்குள் வெட்டிவிடும். 2000 வாட் கெய்ஸர் இழுப்பது கிட்டத்தட்ட 9 ஆம்பியர். அதில் முந்நூறில் ஒரு பங்குதான் இது. எம்.சி.பி.யின் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது. ஆனால், ஈர உடம்பின் வழியாகப் போனால் ஆளைச் சாய்க்க அதுவே போதும்.

பெரியவர் கெய்ஸர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வீட்டில் மற்ற எல்லாவற்றையும் போடச் சொன்னார். அரை மணி நேரம் அசையவில்லை. பிளக்கைச் சொருகினார். ஐந்தாவது நிமிஷம் 'டப்'. திருடன் அகப்பட்டான்.

எலிமென்ட்டைக் கழற்றி வெளியே எடுத்தபோது அடையாளமே தெரியவில்லை. எங்கள் போர் தண்ணீரின் உப்பு, சுண்ணாம்புப் பாறை மாதிரி அப்பியிருந்தது. சூடு வெளியேற வழியில்லாமல் மேல் குழாய் வெடித்து, அந்த விரிசலுக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. மீட்டர் வைத்துக் காட்டினார். பின்னுக்கும் பாடிக்கும் நடுவே தொடர்பே இருக்கக் கூடாது. இருந்தது.

"அதை எடுத்துட்டு டைரக்டா குடுத்திருந்தா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"எர்த் ஒயர் காப்பாத்தும் சார்" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "அது விட்டுப்போகாத வரைக்கும்" என்றார்.

அம்மாவுக்கும் கரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு பச்சை ஒயர்! நான்கு நாளாக, அவள் நனைந்து நிற்கும்போது, 'ஆபத்து' என்று சொன்ன ஸ்விட்சைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டவன் சாட்சாத் நானேதான்.

புது எலிமென்ட், புது வாஷர், ஒரு மணி நேர வேலை. போகும்போது, "மாசம் ஒரு தடவை அந்த டெஸ்ட் பட்டனை அமுக்குங்க. விழுந்தா சந்தோஷப்படுங்க. விழலைன்னா உடனே மாத்துங்க" என்றார்.

சாயங்காலம் அம்மா கேட்டாள்: "என்னடா கோளாறாம்?"

"ஒண்ணுமில்லேம்மா. தண்ணியில உப்பு" என்றேன்.