ஓட்டிப் பார்க்காத மதிப்பீடு

மாகறலில் வீட்டிலிருந்தபடியே ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். தரவுத்தளத்துக்குப் போகும் குவெரிகளில் எது நேரமெடுக்கிறது என்று அளந்து, அதைச் சரிசெய்வது என் பொறுப்பு.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ‘எக்ஸ்பிளெய்ன்’ என்றொரு கட்டளை உண்டு. குவெரியை ஓட்டாமலே, எந்த வழியில் போகலாம், எவ்வளவு செலவாகும் என்று மதிப்பிட்டுச் சொல்லும். கூடவே ‘அனலைஸ்’ என்று சேர்த்தால் உண்மையிலேயே ஓட்டிப் பார்த்து, எந்தப் படியில் எத்தனை மில்லிசெகண்ட் போனது என்று காட்டும். பத்து வரிசைகள் வரும் என்று மதிப்பிட்ட இடத்தில் இரண்டு லட்சம் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பல நேரம் காரணம், தரவுத்தளம் கையில் வைத்திருக்கும் புள்ளிவிவரம் பழசாகிப்போனதுதான்.

செலவைக் கணக்கிட்டு வழியைத் தேர்ந்தெடுக்கும் இந்த முறைக்கு அடித்தளமிட்டது 1979இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை. அதன் முதல் ஆசிரியர் ஐ.பி.எம்.மில் பணிபுரிந்த பாட்ரிசியா செலிஞ்சர் என்ற பெண். கல்லூரியில் எங்களுக்கு முறையைச் சொல்லித்தந்தார்கள், பெயரைச் சொல்லவில்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு மதிப்பீடு உண்டு. “வீட்ல சும்மாதானே இருக்க” என்பார் அப்பா, அம்மாவிடம். இப்போது என்னிடமும். யாரும் ஓட்டிப் பார்க்காத மதிப்பீடு அது.

நாட்டளவில் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, காலை 4 மணியிலிருந்து மறுநாள் காலை 4 மணிவரை அரைமணி அரைமணியாகப் பிரித்துக் கேட்டது. கூலியில்லாத வீட்டுவேலை செய்தவர்கள் பெண்களில் நூற்றுக்கு 81 பேர், ஆண்களில் 26 பேர். செய்தவர்களிலும் பெண்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம், ஆண்களுக்கு 97 நிமிடம்.

2023 செப்டம்பர் 15 அன்று மகளிர் உரிமைத்தொகைத் திட்டம் எங்கள் காஞ்சிபுரத்தில்தான் தொடங்கியது. மாதம் 1000 ரூபாய். உதவி என்று சொல்லாமல் ‘உரிமை’ என்று பெயர் வைத்தது சின்ன விஷயமல்ல. ஆனால் 299 நிமிடத்தை முப்பது நாளுக்குப் பெருக்கினால் ஏறக்குறைய 150 மணி நேரம். மணிக்கு ஏழு ரூபாய்கூட வரவில்லை.

தோழிகளே, ஒரு வாரம் ஒரு நோட்டில் அரைமணிக் கட்டம் போட்டு எழுதிப் பாருங்கள். வீட்டிலிருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பத்தி, ஆண்களுக்கும் சேர்த்து. எங்கள் வீட்டு நோட்டில் அம்மாவின் பத்தி காலை நாலரைக்குத் தொடங்குகிறது. மூன்றாம் நாள் அப்பா அதை வாங்கிப் புரட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. ‘சும்மா’ என்ற சொல் மட்டும் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் குறைந்திருக்கிறது. வேலை இன்னும் குறையவில்லை. அதனால் நோட்டை மூடவில்லை.