காசில்லாமல் டிவி பார்க்கலாம், வாங்க!

"ஒரு குச்சியைச் செருகினா போதும், நூறு சேனல் இலவசம்"னு நம்ம குளத்தூரில் இப்போ நிறைய பேர் சொல்கிறார்கள். அந்தக் குச்சி எங்கள் வீட்டுக்கும் வந்தது. என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று எழுதுகிறேன்.

மாசா மாசம் கட்ட முடியாமல் எங்கள் வீட்டில் போன வருஷமே கேபிளை நிறுத்தியாச்சு. ரொம்பக் கஷ்டப்பட்டது அப்பத்தாதான். முழங்கால் வலி, வாசலைத் தாண்ட முடியாது. நாங்கள் பள்ளிக்கூடம் வந்தபின் அவருக்குப் பேச்சுத் துணை அந்த டிவி மட்டும்தான். பொங்கலுக்கு சிங்கப்பூரிலிருந்து வந்த பெரியப்பா மகன் ஒரு ஸ்டிக் கொடுத்துவிட்டுப் போனார். டிவியின் பின்னால் எச்.டி.எம்.ஐ. ஓட்டையில் செருகணும். (அரசு 2006 முதல் கொடுத்த 14 அங்குல டிவியில் அந்த ஓட்டை கிடையாது. நடுவில் ஒரு மாற்றுப் பெட்டி வேணும், எழுத்தும் மங்கலாத்தான் தெரியும்.)

"இலவச லைவ் டிவி" என்று தேடினால் வந்து குவிகிறது பாருங்க! ஒன்று ஏழு நாள் இலவசம் என்று சொல்லிவிட்டுக் கார்டு நம்பர் கேட்டது. இன்னொன்று வெளியிலிருந்து ஏதோ ஃபைலை இறக்கச் சொன்னது. காசு கட்டிப் பார்க்கிற சேனலை எல்லாம் சும்மா காட்டுகிறோம் என்றால் அது திருட்டு ஒளிபரப்புதானே? கூடவே என்ன வைரஸ் வருமோ! நானும் தம்பியும் அந்தப் பக்கமே போகவில்லை.

நல்ல வழியிலேயே இருக்கிறது. புதிய தலைமுறை, தந்தி மாதிரி செய்திச் சேனல்கள் யூடியூபில் தாங்களே நேரலையாகக் காட்டுகிறார்கள். பிரசார் பாரதி 2024 நவம்பரில் 'வேவ்ஸ்' என்று ஒரு ஆப் விட்டது. அதில் டிடி தமிழ் வருகிறது. (அம்மா பார்த்த அதே பொதிகைதான், 2024 ஜனவரியில் பேர் மாறியது.) எனக்குப் பிடித்தது 2019 ஆகஸ்டில் தொடங்கிய நம்ம கல்வித் தொலைக்காட்சி. அதன் பாடங்கள் யூடியூபிலும் இருக்கின்றன. வடிவொத்த முக்கோணம் வரையும் பாடத்தை நிறுத்தி நிறுத்தி நாலு தடவை பார்த்தேன். கேபிளில் அது முடியுமா?

ஆனால் நெட்? எங்கள் வீட்டு நெட் அம்மாவின் போன்தான். ஹாட்ஸ்பாட் போட்டால் குச்சி வேலை செய்யும். காலையில் அம்மா போனோடு வேலைக்குக் கிளம்பினதும் டிவி இருட்டு. "ஏத்தா, பொட்டி ஏன் செத்துப்போச்சு?" என்று அப்பத்தா கேட்டார். சாயங்காலமும் படத்தை 480-இல் வைத்தாலே ஒரு மணி நேரத்துக்கு அரை ஜிபி போய்விடுகிறது. இலவசம் என்கிறார்கள், ரீசார்ஜ் யார் அப்பன் வீட்டுக் காசு?

அப்புறம்தான் அப்பா விசாரித்து டிடி ஃப்ரீ டிஷ் வைத்தார். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பேரில் வந்தது அதுதான். டிஷ்ஷுக்கும் பெட்டிக்கும் ஒரே தடவை செலவு, மாசக் கட்டணம் இல்லை, நெட்டும் வேண்டாம். நேராக ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து, ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் தாண்டி வருகிறது! நம்ம ஊரில் டிஷ்ஷைத் தென்கிழக்கே, வானத்தை அண்ணாந்து பார்க்கிற மாதிரி திருப்பணும். குறையும் உண்டு. தமிழ்ச் சேனல்கள் ரொம்பக் கம்மி, பெருமழை வந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும்.

இப்போ பகலில் அப்பத்தாவுக்கு டிஷ், ராத்திரி ஒரு மணி நேரம் எனக்குக் குச்சி. "சீரியல் ஒண்ணும் வரலையே"னு அப்பத்தா தினம் திட்டுகிறார், ஆனால் நிறுத்துவதில்லை. டிஷ் திருப்புகிற விவரமும் ஆப் பேர்களும் என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன. வேணுங்கிறவங்க மதிய இடைவேளையில் வந்து எழுதிக்கோங்க.

– பத்தாம் வகுப்பு மாணவி